கோயாசான் மலையூர்: போகிறவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்விகள்

ஒசாகாவுக்குக் குடிவந்த பிறகு ஊரிலிருந்து வருகிற சொந்தக்காரர்கள், நண்பர்கள், நண்பர்களின் மாமனார் மாமியார் என்று ஒரு பட்டாளத்தையே கோயாசானுக்குக் கூட்டிப் போய்விட்டேன். ஆட்கள்தான் மாறுகிறார்கள், கேள்விகள் மாறுவதில்லை. அதனால் எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் பதில் எழுதி வைக்கிறேன்.

கோயாசான் எங்கே இருக்கிறது? அங்கே அப்படி என்ன விசேஷம்?

ஜப்பானின் வாகாயாமா மாநிலத்தில், ஒசாகாவுக்குத் தெற்கே இருக்கிற மலையூர். உயரம் 800 மீட்டருக்கு மேல். சுற்றிலும் எட்டுச் சிகரங்கள், நடுவில் தட்டு மாதிரி ஒரு சமவெளி. எட்டிதழ்த் தாமரையின் நடுவில் ஊர் உட்கார்ந்திருப்பதாகச் சொல்வார்கள். கூகாய் என்ற பௌத்தத் துறவிக்கு 816ஆம் ஆண்டு சாகா பேரரசர் இந்த இடத்தைக் கொடுத்தார். அன்றிலிருந்து இன்றுவரை இது கோயில் ஊர். இப்போது 117 கோயில்கள் இருக்கின்றன. அவற்றில் ஐம்பது சொச்சம் கோயில்களில் நாமும் ராத் தங்கலாம். 2004இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

கோயில் மட்டும்தான் என்று நினைத்துவிடாதீர்கள். தபால் நிலையம், பள்ளிக்கூடம், பல்கலைக்கழகம், பலசரக்குக் கடை எல்லாம் ஒரே தெருவில் இருக்கும். மொட்டைத் தலைத் துறவி ஒருவர் சின்னக் காரை நிறுத்திவிட்டுப் பால் பாக்கெட் வாங்கிப் போவார். ஊர் அப்படித்தான்.

காலையில் போய்விட்டு ராத்திரிக்குள் ஒசாகா திரும்பிவிடலாமா?

திரும்பலாம். ஆனால் வேண்டாம். இந்தப் பக்கத்தில் நான் பிடிவாதமாகச் சொல்லப்போவது இது ஒன்றைத்தான்.

பத்து மணி முதல் நான்கு மணி வரை கோயாசான் ஒரு சுற்றுலாத் தலம். பஸ்ஸில் நின்றுகொண்டு போவீர்கள், கொடி பிடித்த வழிகாட்டிக்குப் பின்னால் கூட்டம் போகும், நீங்களும் போட்டோ எடுப்பீர்கள். ஐந்து மணிக்கு மேல் எல்லாம் அடங்கிவிடும். கடைகள் சாத்திவிடுவார்கள். தங்க வந்தவர்கள் அவரவர் கோயிலுக்குள் போய்விடுவார்கள். தெருவில் யாரும் இருக்கமாட்டார்கள், ஓடைச் சத்தம் கேட்கும். இருட்டும் நேரத்தில் எங்கிருந்தோ மணி அடிக்கும். விடியற்காலையில் மறுபடி மணி அடிக்கும், அதற்கு நீங்கள் எழுந்திருக்க வேண்டும். பகல் பயணமாக வந்து போகிறவர்களுக்கு இது எதுவுமே கிடைக்காது. நாலு மணி நேரம் ரயிலில் உட்கார்ந்ததுதான் மிச்சம்.

ஒரு ராத்திரி போதும். இரண்டு ராத்திரி இருந்தால் மலைப்பாதையில் நடக்கலாம். மூன்றாவது நாள் பிள்ளைகள் அழுதுவிடுவார்கள்.

எப்படிப் போவது?

ஒசாகாவின் நம்பா நிலையத்தில் நன்காய் ரயில் ஏறி கோகுராகுபாஷி போங்கள். விரைவு வண்டிக்குத் தனிக் கட்டணம், இருக்கை முன்பதிவு உண்டு. ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடும். சாதாரண வண்டி என்றால் பெரும்பாலும் ஹஷிமோட்டோவில் மாற வேண்டும், மொத்தம் ஒன்றே முக்கால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஹஷிமோட்டோவுக்குப் பிறகு வண்டி வேகத்தைக் குறைத்து வளைந்து வளைந்து, குகைகளுக்குள் நுழைந்து நுழைந்து போகும். ஜன்னலோரம் பிடித்துவிடுங்கள்.

கோகுராகுபாஷி என்றால் ‘சொர்க்கப் பாலம்’. அங்கிருந்து மேலே ஏறுவது கேபிள் கார் என்று எழுதியிருக்கும். அந்தரத்தில் தொங்கும் ரோப் கார் என்று பயந்த அத்தை ஒருவர் எங்கள் குடும்பத்தில் உண்டு. அது நம் பழனி விஞ்ச் போல, தண்டவாளத்தில் கம்பிவடம் இழுக்கும் பெட்டி. ஐந்து நிமிடத்தில் 330 மீட்டர் உயரம் ஏறிவிடும்.

மேலே இறங்கியதும் பஸ்தான். நிலையத்திலிருந்து ஊருக்குப் போகும் சாலையில் நடக்க அனுமதியில்லை. “ரெண்டு கிலோமீட்டர்தானே, நடந்துடலாம்” என்று கிளம்பி என்னோடு வந்தவர்கள் திரும்பி வந்திருக்கிறார்கள்.

கன்சாய் விமான நிலையத்திலிருந்து நேராக வருகிறவர்கள் நம்பா வரை போக வேண்டாம், தெங்காச்சாயாவிலேயே வண்டி மாறலாம். பெரிய பெட்டிகளை மட்டும் ஒசாகாவிலேயே எங்காவது வைத்துவிடுங்கள். பஸ்ஸில் அவற்றோடு ஏறினால் எல்லோருக்கும் சங்கடம்.

கூகாய் யார்? கோபோ தைஷி என்றும் சொல்கிறார்களே, இருவரும் ஒருவரா?

ஒருவரேதான். கூகாய் என்பது துறவுப் பெயர். மறைந்து 86 வருடம் கழித்து, 921இல், அரசர் கொடுத்த பட்டம் கோபோ தைஷி. ஊர்க்காரர்கள் வெறுமனே ‘ஓ-தைஷி-சான்’ என்பார்கள், நாம் மகான் என்று சொல்கிற அதே உரிமையோடு.

774இல் ஷிகோகு தீவில் பிறந்தார். 804இல் கப்பலேறிச் சீனா போனார். அந்தக் காலத்துத் தலைநகர் சாங்கானில் ஹுய்குவோ என்ற ஆசானிடம் மந்திர மார்க்கத்தைக் கற்றுக்கொண்டார். ஆசான் அடுத்த வருடமே இறந்துவிட, 806இல் ஊர் திரும்பினார். அவர் நிறுவியது ஷிங்கோன் பௌத்தம். ஷிங்கோன் என்றால் ‘மெய்ச்சொல்’, அதாவது மந்திரம். சாமியாராக மட்டும் இருந்தவரும் இல்லை. எழுத்துக்கலையில் பெயர் பெற்றவர். சொந்த ஊர்ப் பக்கத்தில் உடைந்து கிடந்த மன்னோ ஏரிக்கரையை 821இல் ஆளைத் திரட்டிக் கட்டி முடித்தவர்.

835இல் மறைந்தார் என்று வரலாற்றுப் புத்தகம் சொல்லும். கோயாசானில் அப்படிச் சொல்லமாட்டார்கள். ஒகுனோயின் என்ற இடத்தில் இன்னும் தியானத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்பதுதான் அங்கே நம்பிக்கை. ஜப்பானுக்கு வந்த மேல்நாட்டுக்காரர்களுக்கு இதை விளக்க வழிகாட்டிகள் பத்து நிமிடம் படாதபாடு படுவார்கள். நம் ஆட்களிடம் நான் ஒரு வார்த்தைதான் சொல்வேன்: ஜீவசமாதி. உடனே கைகூப்பிவிடுவார்கள்.

அவருக்கு இன்றும் காலை 6 மணிக்கும் 10.30க்கும் சாப்பாடு போகிறது. மஞ்சள் அங்கி அணிந்த துறவிகள் வெள்ளை மரப்பெட்டியைச் சுமந்து வருவார்கள். வழியில் ஒரு சின்னச் சன்னதியில் நிற்பார்கள். அங்கே இருப்பவர் ‘ருசி பார்க்கும் ஜிஸோ’ என்ற போதிசத்துவர். அவர் பார்த்த பிறகுதான் பெட்டி, சமாதிக்கு முன்னாலுள்ள பாலம் தாண்டி உள்ளே போகும். 10.30 ஊர்வலத்தைப் பார்ப்பது சுலபம். கால் மணி நேரம் முன்னதாகப் பாலத்துக்குப் பக்கத்தில் நின்றுகொள்ளுங்கள். அந்த நடைபாதையில் சின்னச் சின்னக் கற்களை மிதித்து அவர்கள் வரும் சத்தம் முதலில் கேட்கும், பிறகுதான் ஆள் தெரியும்.

தமிழ்நாட்டுக்கும் இதற்கும் தொடர்பு என்று வாட்ஸப்பில் வந்ததே, உண்மையா?

வாட்ஸப்பில் வருவது பெரும்பாலும் போதிதர்மர் கதை. அவர் ஜென் மரபுக்காரர், கோயாசானுக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. ஆனால் வேறொரு தொடர்பு நிஜமாகவே உண்டு. அதை யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை.

ஷிங்கோன் மரபின் எட்டு ஆசான்களில் ஒருவர் வஜ்ரபோதி, காலம் 671 முதல் 741. ஜப்பானில் அவர் பெயர் கொங்கோச்சி. தென்னிந்தியாவில் மலய நாட்டைச் சேர்ந்தவர், தந்தை காஞ்சி அரசனின் ஆசான் என்று சீனக் குறிப்பு ஒன்று சொல்கிறது. மத்திய இந்திய அரச குடும்பத்தவர் என்று சொல்லும் குறிப்பும் உண்டு. காஞ்சியோடு உறவு இருந்ததும், இலங்கை, ஸ்ரீவிஜயம் வழியாகக் கடலோடி 720 வாக்கில் சீனா சேர்ந்ததும் அவர் கதையில் வருகின்றன. அவருடைய சீடர் அமோகவஜ்ரர். அமோகவஜ்ரரின் சீடர் ஹுய்குவோ. ஹுய்குவோவின் சீடர் கூகாய். பல்லவர் காலத்துக் காஞ்சியிலிருந்து எண்ணினால் மூன்றே கைமாற்றில் வித்தை கோயாசானுக்கு வந்துவிட்டது.

தன்ஜோ கரான் என்ற கோயில் வளாகத்தில் கோன்போன் தைத்தோ என்று ஒரு பெரிய சிவப்பு ஸ்தூபி இருக்கிறது. சுமார் 48 மீட்டர் உயரம். பலமுறை எரிந்து, இப்போதிருப்பது 1937இல் எழுப்பியது. உள்ளே நடுவில் தங்க நிறத்தில் தைனிச்சி, அதாவது மகாவைரோசனர். நான்கு மூலைகளிலும் எட்டு ஆசான்களின் ஓவியங்கள். எல்லோரும் நடுச் சிலையைப் பார்த்துவிட்டு வெளியே வந்துவிடுவார்கள். நீங்கள் மூலைகளையும் பாருங்கள், காஞ்சிக்காரர் அங்கேதான் இருக்கிறார். (கரான் என்ற சொல்லே சங்காராமம் என்பதன் தேய்ந்த வடிவம்.)

இன்னொன்று கல்லறைகளில். ஐந்து கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய தூண் வழியெல்லாம் நிற்கும். கீழே சதுரம், அது நிலம். அடுத்து உருண்டை, நீர். கூரை போன்றது தீ. அரைவட்டம் காற்று. உச்சியில் மொட்டு, ஆகாயம். ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்து: அ, வ, ர, ஹ, க. எழுத்து வடிவத்துக்குப் பெயர் சித்தம், பிராமியின் வழியில் வந்தது. என் அம்மா அந்தத் தூணைக் கீழிருந்து மேலே பார்த்துவிட்டு, “காஞ்சிபுரம், திருவானைக்கா, திருவண்ணாமலை, காளஹஸ்தி, சிதம்பரம்” என்று வரிசையாகச் சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார். அதற்கு மேல் விளக்கம் எனக்குத் தேவைப்படவில்லை.

கோயிலில் தங்குவது என்றால் தர்மசத்திரம் மாதிரியா?

இல்லை, காசு கொடுத்துத் தங்குவதுதான். ஷுகுபோ என்பார்கள். யாத்ரீகர்களுக்காகத் தொடங்கிய ஏற்பாடு, இப்போது எல்லோருக்கும். பாய் விரித்த அறை, காகிதக் கதவு, தரையில் படுக்கை. பல அறைகளுக்குப் பூட்டே கிடையாது. ராத்திரிச் சாப்பாடும் காலைச் சாப்பாடும் சேர்த்துத்தான் கட்டணம். இடத்தைப் பொறுத்து ஒருவருக்கு 12,000 யென்னில் தொடங்கி 30,000க்கு மேலும் போகும். உயர்ந்த விலை என்றால் சொந்தக் கழிவறை, நல்ல தோட்டம். குளிர்காலத்தில் நான் சொந்தக் கழிவறைக்குப் பணம் கொடுப்பேன், வெட்கமில்லாமல்.

மாலை ஐந்துக்குள் போய்ச் சேருங்கள். இதில் சமரசம் இல்லை. ஐந்தரை, ஆறுக்குச் சாப்பாடு. ஏழரைக்குப் போய் நின்றால் யாரும் திட்டமாட்டார்கள். ஆனால் ஆறிப்போன சாப்பாட்டுக்குப் பக்கத்தில் இளம் துறவி ஒருவர் உங்களுக்காக முழங்காலிட்டுக் காத்திருப்பதைப் பார்க்க நேரும். திட்டினால்கூடத் தேவலை என்றிருக்கும். நாங்கள் ஒருமுறை ரயிலைத் தவறவிட்டு அப்படிப் போய் நின்றோம்.

காலை ஆறு, ஆறரைக்கு வழிபாடு. போயே ஆக வேண்டும் என்று கட்டாயமில்லை. போங்கள். இருட்டான மண்டபம், ஊதுபத்தி வாசனை, தொங்கும் பித்தளை விளக்குகள். அடிவயிற்றிலிருந்து எழும் ஓதல். புரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே ‘ஓன்’ என்று தொடங்கி ‘சோவாக்கா’ என்று முடியும் ஒரு வரி காதில் விழும். ஓம், ஸ்வாஹா. அந்த இடத்தில் எங்கள் கூட்டத்தில் யாராவது ஒருவர் திரும்பி என்னைப் பார்ப்பார்.

ஹோமம் செய்கிறார்களாமே?

ஆமாம். பெயரும் அதுதான், ‘கோமா’. சில தங்குமிடக் கோயில்களில் காலை வழிபாட்டோடு நடக்கும். பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். ஃபுதோ என்ற உக்கிரமான தெய்வத்தின் முன் நடக்கிறது, வடமொழியில் அசலர். வேண்டுதலை எழுதிய மரக்குச்சிகளை அடுக்கித் தீ வளர்த்து எண்ணெய், தானியம் எல்லாம் இடுவார்கள். பக்கத்தில் பெரிய முரசு. முரசு வேகமெடுக்கும்போது தீயும் மேலே போகும். நாதஸ்வரம் இல்லாத குறைதான்.

எள்ளுக்கும் ஜப்பானிய மொழியில் கோமா என்றுதான் பெயர். சாப்பாட்டில் வரும் ‘கோமா தோஃபு’வை ஹோமப் பிரசாதம் என்று யாரும் நம்பிவிட வேண்டாம்.

சைவம் கிடைக்குமா? உண்மையான சைவமா, மீன் போட்ட சைவமா?

ஜப்பானில் இந்தச் சந்தேகம் நியாயமானது. வெளியே ‘காய்கறி உடோன்’ நூடுல்ஸ் என்று கொடுப்பதிலும் குழம்பு நீர் கருவாட்டில் இறக்கியதாக இருக்கும். ஆனால் ஷுகுபோவில் பரிமாறுவது ஷோஜின் ரியோரி, துறவிகளின் உணவு. கறி, மீன், முட்டை கிடையாது. வெங்காயம், பூண்டு கிடையாது. சாறு கொம்பு என்ற கடற்பாசியிலும் காளானிலும் இறக்கியது. ஜெயின் நண்பர் ஒருவர் ஜப்பானில் பத்து நாள் பிரெட்டும் வாழைப்பழமுமாக இருந்துவிட்டு இங்கேதான் முழுச் சாப்பாடு சாப்பிட்டார். கிழங்கு மட்டும் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தோம்.

கருப்பும் சிவப்புமான சின்ன அரக்குத் தட்டுகளில், பொம்மைக் கொலு வைத்த மாதிரி வரும். எள்ளை அரைத்துக் கூவைக்கிழங்கு மாவு போன்ற ஒரு மாவில் கிளறிய எள் தோஃபுதான் ராஜா. தொட்டால் நடுங்கும், நாக்கில் வைத்தால் போய்விடும். இன்னொன்று கோயா தோஃபு. குளிர்காலத்தில் வெளியே விட்ட தோஃபு உறைந்து, காய்ந்து, பஞ்சு மாதிரி ஆனதைக் கண்டு தொடங்கிய பண்டம் என்பார்கள். சாறு ஊறி ரசகுல்லா போல இருக்கும், இனிப்பு மட்டும் குறைவு.

காரம் இருக்காது. சுத்தமாக இருக்காது. பருப்புப் பொடி, ஊறுகாய் கொண்டுபோகலாமா என்று கேட்பீர்கள். கொண்டுபோங்கள், ஆனால் அறைக்குள்ளேயே பூண்டு ஊறுகாய் பாட்டிலைத் திறக்காதீர்கள். எங்கள் மாமா திறந்தார். அறைச்சுவர் காகிதம் என்பதை மறந்துவிட்டார். மறுநாள் காலை பக்கத்து அறைக்காரர்கள் எங்களைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

பீரும் சாக்கே என்ற அரிசி மதுவும் கேட்டால் கொடுப்பார்கள் என்பது நம்மவர்களுக்குப் பெரிய அதிர்ச்சி. துறவிகள் வழக்கில் சாக்கேயின் பெயர் ‘ஹன்ன்யாதோ’, ஞானத் தண்ணீர்.

பொதுக் குளியலறையா? துணி இல்லாமலா?

ஆமாம். ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. முதலில் ஸ்டூலில் உட்கார்ந்து சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு, பிறகுதான் வெந்நீர்த் தொட்டியில் இறங்க வேண்டும். கூச்சமாக இருந்தால் மூடும் நேரத்துக்கு அரைமணி முன்னால் போங்கள், பெரும்பாலும் காலியாக இருக்கும்.

ஒகுனோயின் ஒரு இடுகாடாமே? சுடுகாட்டுக்கா சாமி கும்பிடப் போவது?

இதை எப்போதும் வயதானவர்கள்தான் கேட்பார்கள், அதுவும் பயணத்துக்கு முந்தின நாள் ராத்திரி. ஆமாம், இடுகாடுதான். ஜப்பானிலேயே மிகப் பெரியது. முதல் பாலத்திலிருந்து கூகாய் சமாதி வரை இரண்டு கிலோமீட்டர். இருபுறமும் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கல்லறைகளும் நினைவுக்கற்களும், அவற்றுக்கு நடுவே பல நூறு வருடத்துச் சூகி என்ற ஊசியிலை மரங்கள். மகானுக்குப் பக்கத்தில் இருந்தால் நல்ல கதி என்று நினைத்து ஆயிரம் வருடமாக ஜனங்கள் இங்கே இடம் பிடித்திருக்கிறார்கள். காசியில் உயிர் விட வேண்டும் என்று நம் பெரியவர்கள் போனதோடு வைத்துப் பாருங்கள். தீட்டு என்று மனசு உறுத்தினால் அறைக்கு வந்து குளித்துக்கொள்ளுங்கள், வெந்நீர் தயாராக இருக்கும்.

பஸ் நேராக ஒகுனோயின்-மாயே என்ற நிறுத்தத்தில் இறக்கிவிடும். அது குறுக்கு வழி, பாதிக் காட்டைத் தவறவிடுவீர்கள். முடிந்தவர்கள் முதல் பாலமான இச்சி-நோ-ஹஷியில் இறங்கி நடங்கள். கட்டியணைத்தாலும் கைக்கு எட்டாத மரங்கள், பாசி ஏறிய கல், சிவப்புத் துணி கட்டிய குட்டி ஜிஸோ சிலைகள். பல சிலைகள் பச்சைப் பிள்ளைகளுக்காக வைத்தவை. அவற்றின் முன் யாரோ பின்னல் தொப்பி போட்டுவிட்டுப் போயிருப்பார்கள். அங்கே நான் எதுவும் விளக்குவதில்லை.

ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டவர்கள் இங்கே அக்கம்பக்கம். தகேதா ஷிங்கென், உஎசுகி கென்ஷின் இருவரும் வாழ்நாளெல்லாம் போர்க்களத்தில் மோதியவர்கள், இங்கே எதிரெதிர் வீட்டுக்காரர்கள். ஓதா நொபுனாகா இருக்கிறார், அவரைக் காட்டிக்கொடுத்த அகெச்சி மித்சுஹிதேயும் இருக்கிறார். மித்சுஹிதேயின் கல் மட்டும் விரிசல் விட்டிருக்கிறது, நொபுனாகாவின் கோபம் என்பார்கள். கொரியப் போரில் இறந்த இரு தரப்பாருக்கும் சேர்த்து 1599இல் வைத்த நினைவுக்கல்லும் உண்டு. புதிய பகுதியில் நிறுவனங்கள் தங்கள் ஊழியர்களுக்காக எழுப்பியவை இருக்கின்றன, அதில் ஒன்று ராக்கெட் வடிவில் நிற்கும். கரையான்களுக்குக்கூட ஒரு நினைவுக்கல் இருக்கிறது. வைத்தது கரையான் மருந்து அடிக்கிறவர்களின் சங்கம். நான் கூட்டிப்போன எல்லோருமே முதலில் சிரித்தார்கள், பிறகு கும்பிட்டுவிட்டுத்தான் நகர்ந்தார்கள்.

நடுவில் ஒரு சின்னக் கிணறு வரும். எட்டிப் பார்க்கும்போது முகம் தெரியாவிட்டால் மூன்று வருடத்தில் மரணம் என்று ஐதீகம். தைரியமிருந்தால் பாருங்கள். மேகமூட்டமான நாளில் வேண்டாம்.

பாலத்துக்கு அந்தப் பக்கம் என்ன விதிமுறை?

மூன்றாவது பாலம் கோபியோ-நோ-ஹஷி. அதைத் தாண்டினால் படம் எடுக்கக் கூடாது, தொப்பி கூடாது, தின்னக் கூடாது. பாலத்துக்கு முன்னால் வரிசையாக வெண்கலச் சிலைகள் இருக்கும். அகப்பையில் நீர் மொண்டு ஊற்றி, இறந்துபோனவர்களை நினைத்துக்கொள்வார்கள். நம் எள்ளும் தண்ணீரும் போல, எள் மட்டும் இல்லை.

உள்ளே விளக்கு மண்டபம், தோரோதோ. பத்தாயிரத்துக்கும் மேல் விளக்குகள் தொங்கும். அதில் இரண்டு விளக்குகள் ஆயிரம் வருடமாக அணையவில்லை என்கிறார்கள். ஒன்று அரசர் ஒருவர் கொடுத்தது. இன்னொன்றின் கதை: ஓதெரு என்ற ஏழைப் பெண், தன்னை எடுத்து வளர்த்த தாய் தகப்பனுக்காக, கூந்தலை அறுத்து விற்று வாங்கி வைத்த விளக்கு. மண்டபத்தைச் சுற்றிப் பின்பக்கம் போனால் சமாதிக்கு நேர் எதிரே நிற்பீர்கள். கதவு சாத்தியிருக்கும், பார்க்க ஒன்றுமிருக்காது. எல்லோரும் அங்கேதான் நெடுநேரம் நிற்கிறார்கள்.

ராத்திரியிலும் பாதை திறந்திருக்கும். துறவிகள் கூட்டிப்போகும் இரவு நடை பிரபலம், முன்பதிவு செய்துகொள்ளுங்கள்.

பெண்கள் எல்லா இடத்துக்கும் போகலாமா?

இன்று போகலாம். 1872 வரை கூடாது. மலைக்கு வரும் ஏழு வழிகளிலும் எல்லையில் ஒரு பெண்கள் மண்டபம் இருந்தது. அதுவரை வந்து கும்பிட்டுவிட்டுத் திரும்ப வேண்டும், அல்லது மலை விளிம்பிலேயே சுற்றி நடந்து மரங்களுக்கு இடையில் கோயில் கூரைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஏழில் மிஞ்சியது ஒன்று, ந்யோனின்தோ. பஸ் அதன் வழியாகத்தான் ஊருக்குள் வரும். பெண்கள் சுற்றிய அந்தப் பாதை இப்போது நல்ல நடைவழி.

கூகாயின் தாய்க்கும் இதே விதிதான். மலையடிவாரத்தில் ஜிசோன்-இன் கோயிலில் தங்கிவிட்டார். மகன் மாதம் ஒன்பது முறை இறங்கி வந்து பார்த்ததால் அந்த ஊருக்குக் குதோயாமா, ‘ஒன்பது முறை மலை’ என்று பெயர். ஒன்பது என்பது கதைக் கணக்காகவே இருக்கட்டும். துறவுக்குப் பிறகும் தாய்க்கு மட்டும் விலக்கு என்பதைப் பட்டினத்தார் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

நடந்தே மலையேற முடியுமா?

முடியும். அந்த ஜிசோன்-இன் கோயிலிலிருந்துதான் பழைய யாத்திரைப் பாதை. ஏறத்தாழ 109 மீட்டருக்கு ஒன்றாக, ஊர் நடுவிலுள்ள ஸ்தூபி வரை 180 கல்தூண்கள். நான் முன்பு சொன்ன ஐம்பூத அடுக்கு வடிவில். மொத்தம் சுமார் 20 கிலோமீட்டர், ஆறேழு மணி நேரம். ஏற்றம் முடிந்து ஊருக்குள் நுழையும் இடம் தைமோன், 25 மீட்டர் உயரப் பெருவாசல். பையில் சின்ன மணி கட்டிக்கொண்டு போங்கள், கரடி எச்சரிக்கைப் பலகைகள் சும்மா வைத்தவை அல்ல. தண்ணீர், சாப்பாடு கையோடு வேண்டும்.

அப்பா அம்மாவுக்கு எழுபது வயது, முட்டி வலி. முடியுமா?

முடியும். ஊர் சமதளம். கேபிள் கார் நிலையத்தில் மட்டும் படி அதிகம் போலத் தெரியும். ஒகுனோயினுக்குக் குறுக்கு வழியில் போங்கள். சாப்பாட்டுக்குத் தரையில் உட்கார முடியாது என்று பதிவின்போதே சொன்னால் நாற்காலி போடுவார்கள். தரைப் படுக்கையிலிருந்து எழுவதுதான் உண்மையான சிக்கல். கட்டில் உள்ள அறைகள் சில கோயில்களில் உண்டு, விசாரியுங்கள்.

எந்த மாதம் நல்லது?

இலை சிவக்கும் அக்டோபர் கடைசி, நவம்பர் முதல் வாரங்கள் அழகு. கூட்டமும் அப்போதுதான். என்னைக் கேட்டால் ஜூன் மழை. சூகி மரங்களுக்கிடையே மேகம் இறங்கி நிற்கும், தெருவில் ஆள் இருக்காது. ஆகஸ்ட் 13 ராத்திரி ஒகுனோயின் பாதை முழுக்க ஜனங்கள் மெழுகுவத்தி ஏற்றுவார்கள். கார்த்திகைத் தீபம் பார்த்த கண்ணுக்கும் அது வேறு மாதிரி இருக்கும். ஜனவரி, பிப்ரவரியில் பனி கொட்டும், பூஜ்யத்துக்குக் கீழே போகும். ஒசாகாவுக்குப் போதுமான ஸ்வெட்டர் இங்கே போதாது. கோடையிலும் மாலைக்கு ஒரு சால்வை வேண்டும்.

கொங்கோபுஜிக்கு டிக்கெட் வாங்கிப் பார்க்க வேண்டுமா?

வேண்டும். தலைமைக் கோயில் அது. முதலில் 1593இல், அன்று ஜப்பானை ஆண்ட தொயோதொமி ஹிதெயோஷி தன் தாயின் நினைவாகக் கட்டியது. உள்ளே ஒரு ‘வில்லோ அறை’. ஹிதெயோஷியின் அக்கா மகன் ஹிதெத்சுகு 1595இல் அங்கே வயிற்றைக் கிழித்துக்கொண்டு உயிர்விட வேண்டியதாயிற்று. அமைதியான தங்க ஓவியங்களுக்கு நடுவே அதை வாசிக்கும்போது சுருக்கென்றிருக்கும். பின்னால் ஜப்பானின் மிகப் பெரிய கல் தோட்டம், 2,340 சதுர மீட்டர். 140 கருங்கற்கள், வெள்ளை மணல் மேகத்தில் இரண்டு டிராகன்கள். வெளியே வரும்போது கூரையைப் பாருங்கள், உச்சியில் மரத்தொட்டிகள் இருக்கும். தீப்பிடித்தால் அணைக்க மழைநீர். மின்னலிலும் தீயிலும் இந்த ஊர் எத்தனை முறை எரிந்திருக்கிறது என்பதற்கு அந்தத் தொட்டிகளே சாட்சி.

டிக்கெட் ஆயிரம் யென் வாக்கில் வரும். சில்லறை நோட்டாகப் பணம் வைத்துக்கொள்ளுங்கள், எல்லா இடத்திலும் கார்டு ஓடாது.

என்ன வாங்கி வரலாம்?

சன்னதிகளில் பூவுக்குப் பதிலாகப் பச்சைக் கிளைகள் வைத்திருப்பதைப் பார்ப்பீர்கள். கோயாமாகி என்ற ஊசியிலை மரம். மலையில் பழமரமும் பூமரமும் வளர்க்கக் கூடாது என்று பழங்காலத்தில் தடை இருந்ததால் இதுவே பூவாகிவிட்டது. கடைகளில் கட்டுக் கட்டாக விற்பார்கள், ஆனால் விமானத்தில் கொண்டுபோக வேண்டாம். ஊதுபத்தி நல்லது, இலேசான வாசனை.

இன்னொன்று தாரணிசுகே. மரப்பட்டையில் காய்ச்சிய கறுப்பு மாத்திரை, கடுகளவு இருக்கும், வயிற்றுக்கு நல்லது. மந்திரத்தைக் குறிக்கும் தாரணி என்ற சொல்தான் பெயரில் இருக்கிறது. பூண்டு ஊறுகாய் மாமா ஒரே வாயில் பத்து உருண்டை போட்டுக்கொண்டு, “நிலவேம்பே தேவலைடா” என்று தண்ணீர் தேடி ஓடினார். போன மாதம் ஊரிலிருந்து போன் செய்து, யாராவது வந்தால் இரண்டு பாக்கெட் கொடுத்தனுப்பு என்கிறார்.